சகலைக்கு அடித்த ஹார்ன்

1

உலகின் பெரும் படைப்புகள் அனைத்தும் பொறாமையின் வயிற்றில் பிறந்தவையே. அன்பு மனிதனைத் தட்டித் தூங்க வைக்கும். பொறாமை ஒன்றுதான் அவனை எழுப்பி உட்காரவைத்து, கையில் பேனாவைத் திணித்து, ‘எழுது’ என்று கட்டளையிடும். ஆதிமனிதன் குகைச் சுவரில் முதல் மிருகத்தை வரைந்ததுகூட, அதைப் பக்கத்துக் குகைக்காரன்

“ஏங்க, குழாயைத் திறந்து வச்சீங்களே, மூடினீங்களா?” என்று என் மனைவி அடுத்த அறையிலிருந்து கேட்டாள்.

மூடவில்லை. வாளி நிரம்பி வழிந்து, குளியலறை வாசலில் கிடந்த செருப்பு மிதக்கத் தொடங்கியிருந்தது. மூடிவிட்டு, துடைத்துவிட்டு, துடைத்த துணியைப் பிழிந்துவிட்டு வந்தால், பக்கத்துக் குகைக்காரன் என்ன செய்தான் என்பது மறந்துபோயிருந்தது. அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். அது அவ்வளவு பெரிய வாக்கியமும் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பழைய ரயில் நிலையம் உண்டு. பழையது என்றால், வாசலில் பித்தளைப் பலகை வைத்துப் ‘பாரம்பரியச் சின்னம்’ என்று எழுதுகிற அளவுக்குப் பழையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறெதற்கோ அந்தப் பக்கம் போனவன் உள்ளே நுழைந்தேன். பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிந்து வெயில் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார். ரயில் புறப்பட்டு வந்தது. அவர் இரண்டு விரலை நெற்றியில் வைத்து, தளபதி மாதிரி ஒரு வணக்கம் வைத்தார். டிரைவர் ஹார்ன் அடித்தார். உடனே அந்த மனிதர் திரும்பி, மேலே நடைமேம்பாலத்தைப் பார்த்தார். அங்கே யார் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தூண் மறைத்தது. ஆனால் பார்த்தவரின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை, சவரம் செய்யும்போது கண்ணாடியில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

‘நூற்றாண்டுகளின் பெருமூச்சைத் தன் இரும்பு விலா எலும்புகளுக்குள் அடக்கிக்கொண்டு, அந்த நிலையம்’

நிறுத்திவிட்டேன். பெருமூச்சு விடுகிறவர்கள் டிக்கெட் வரிசையில் நிற்கிறவர்கள். நிலையம் அதுபாட்டுக்கு இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

‘அது வெறும் ரயில் நிலையம் அல்ல.’

இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “ரயில் நிலையம் இல்லைன்னா வேற என்ன, மாட்டுக் கொட்டகையா?” என்றாள். என் வாசகர்களில் என்னோடு ஒரே வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான். (மற்ற வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது பதிப்பாளருக்கும் தெரியாது.)

மூன்றாவது:

‘கண்ணாடிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணைவிடக் காது நன்றாக வேலை செய்யும்.’

“இது பரவால்ல. யாரு கண்ணாடிக்காரர்?” என்று கேட்டாள். அவள் கேட்டபிறகுதான் எனக்கும் தெரிந்தது, அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் என்று.

3

கண்ணாடிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணைவிடக் காது நன்றாக வேலை செய்யும். மற்ற ஆறு நாளும் அவர் ஒரு நீளமான இருட்டு அறையில், வருகிறவர்கள் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுல நல்லாத் தெரியுதா, இதுலயா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி இரண்டு திரைச்சீலையைத் தூக்கிக் காட்டினாலும் வாயில் அதேதான் வரும்.

ஞாயிறு காலையில் மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். எங்கேயும் போவதற்காக அல்ல. ரயில் பார்க்க. வளைவான இரும்புக் கூரை, அதில் பாதிக் கண்ணாடி போய்த் தகரம் அடைத்த கட்டங்கள், தலையில் கொடியும் இலையும் வார்த்த தூண்கள், கைபட்டுக் கைபட்டுக் குழி விழுந்த டிக்கெட் ஜன்னல் பலகை எல்லாவற்றையும், மாமனார் வீட்டுச் சொத்தைப் பார்வையிடுகிற மாப்பிள்ளைபோல ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் நின்றுகொள்வார். வளைவுக்கு அப்பால் இன்ஜின் உறுமினாலே அது எந்த வகை, எத்தனை வயது என்று சொல்லிவிடுவார். சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

அவர் காத்திருப்பது ஓர் இன்ஜினுக்காக. பழைய டீசல். சிவப்புச் சாயம் வெளுத்து, பக்கவாட்டில் எண்ணெய் வடிந்து, புறப்படும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற மாதிரி குலுங்கும். அவர் வைத்த பெயர் ‘சிவப்பி’. சிவப்பி பக்கத்தில் வரும்போது இரண்டு விரல் வணக்கம். டிரைவர் நீளமாக ஒரு ஹார்ன். கண்ணாடிக்காரர் நெஞ்சு நிமிர்ந்துவிடும். வீட்டுக்குப் போனதும், “இன்னைக்கும் எனக்கு ஹார்ன் அடிச்சான்” என்று மனைவியிடம் சொல்வார். அவர் மனைவி, “ம்” என்பார்.

[அடிக்குறிப்பு, அடியில் இடம் இல்லாததால் இங்கேயே: அவர் நிற்கிற இடத்துக்கு இரண்டு தூண் தள்ளி ஒரு மஞ்சள் பலகை உண்டு. அந்தப் பலகையைத் தாண்டும்போது எந்த டிரைவரும் நீளமாக ஒரு ஹார்ன் அடித்தே ஆகவேண்டும். அது ரயில்வே சட்டம். அங்கே ஆள் நின்றாலும் அடிப்பார்கள், ஆடு நின்றாலும் அடிப்பார்கள். கண்ணாடிக்காரருக்கு இது தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இதை அவர் மனைவியிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.]

4

இப்போது பொறாமையைக் கொண்டுவர வேண்டும். ஒரு மனிதனை உள்ளுக்குள் புழுங்கவைக்கத் தமிழில் ஓர் உறவு தயாராக இருக்கிறது. அண்ணன், தம்பி, பங்காளி எல்லாம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். சகலையோடு சண்டை போட முடியாது. ஒரே மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளை. யார் உசத்தி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். யார் தட்டில் முதலில் பரிமாறுகிறார்கள் என்று இருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

ஆகவே கண்ணாடிக்காரரின் கொழுந்தியாள் புருஷன் இந்த ஊருக்குக் குடிவந்தார். மெத்தைக்கடை போட்டார். (மெத்தைக்கடையை நான் யோசித்துத்தான் கொடுத்தேன். மெத்தை விற்கிறவனை யாருக்குப் பிடிக்கப்போகிறது என்ற தைரியம்.) வாடிக்கையாளரைக் கடையில் இருக்கும் மெத்தையில் படுக்கச்சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, “தூங்கி எந்திரிச்சுச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்பார். கடை நன்றாக ஓடியது.

“ஞாயித்துக்கிழமை அவரு சும்மாதானே இருக்காரு, கூட்டிட்டுப் போங்களேன்” என்றார் கண்ணாடிக்காரர் மனைவி.

“அது சும்மா இருக்கிறவங்க போற இடம் இல்ல.”

“அப்ப நீங்க அங்க என்ன வேலை பாக்குறீங்க?”

கூட்டிக்கொண்டு போனார். தூணில் ஆரம்பித்துக் கூரை வரைக்கும் ஒன்றுவிடாமல் விளக்கினார். மெத்தைக்காரர் வாய் பிளந்து கேட்டார். “சகல, இவ்ளோ விஷயத்தையும் தலையில வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க? உங்களுக்குக் கொஞ்சம் கெட்டியான மெத்தைதான் சரி” என்றார். கண்ணாடிக்காரருக்கு அது பாராட்டா என்று பிடிபடவில்லை.

சிவப்பி வந்தது. கண்ணாடிக்காரர் இரண்டு விரலை நெற்றிக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் மெத்தைக்காரர் இரண்டு கையையும் தூக்கி, தோள்துண்டை எடுத்துச் சுழற்றி, “ஓ! ஓ!” என்று பிள்ளைபோலக் குதித்தார்.

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். சிரித்தார். பலகைக்கு அடிக்கவேண்டிய நீள ஹார்னை அடித்தார். அடித்துவிட்டு, அதன்மேல் குட்டியாக இரண்டு: பாம், பாம்.

அந்த இரண்டும் சட்டத்தில் இல்லை.

“அட, நமக்கு அடிச்சான் சகல!” என்றார் மெத்தைக்காரர்.

‘நமக்கு’ என்ற அந்தச் சொல் கண்ணாடிக்காரரின் தொண்டையில் மாட்டிக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை இறங்கவில்லை. அன்று மதியம் இரண்டு குடும்பத்தாரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மெத்தைக்காரர் துண்டைச் சுழற்றிக் காட்ட, கண்ணாடிக்காரர் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பி, “இத்தனை வருஷமா உங்களுக்கு நீளமா ஒண்ணுதானே அடிப்பான்?” என்று கேட்டார். மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அதுதான் கொடுமை.

5

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மனைவிக்கு மெத்தைக்காரரைப் பிடித்துவிட்டது.

நான் அவரைக் கொண்டுவந்தது கண்ணாடிக்காரருக்குக் குடைச்சல் கொடுக்க. வேலைக்கு வந்த ஆள் வீட்டு முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்த கதையாகிவிட்டது. சாயங்காலம் ஆனால், “இன்னைக்கு மெத்தைக்காரர் என்ன பண்ணினாரு?” என்று வந்து நிற்கிறாள். கண்ணாடிக்காரரைப் பற்றிக் கேள்வியே இல்லை.

“கதாநாயகன் கண்ணாடிக்காரர்” என்றேன்.

“இருக்கட்டும். அவரு எப்பப் பாத்தாலும் உம்முனுதானே இருக்காரு. அந்த மாதிரி ஆளை நான் வீட்லயே பாத்துக்கறேன்.”

சரி, மெத்தைக்காரரைக் கொஞ்சம் தட்டிவைப்போம் என்று முடிவெடுத்தேன். எழுத்தாளனுக்கு இருக்கிற ஒரே அதிகாரம் இதுதான். அவர் தலைமுடியைப் பிடுங்கினேன். “வழுக்கையும் சிரிப்புமா இருந்தா முகம் களையா இருக்கும்” என்றாள். பிளாட்பார பெஞ்சில் வாயைத் திறந்து குறட்டை விட வைத்தேன். “பாவம், வாரம் முழுக்க உழைக்கிற மனுஷன்.” சாமான் தள்ளுவண்டியில் காலை இடித்து விழவைத்தேன். “ஐயோ, அடிபட்டுச்சா?” என்று நெஞ்சில் கைவைத்தாள். போன மாதம் குளியலறையில் நான் விழுந்தபோது, “வாளி உடைஞ்சிடுச்சா?” என்று கேட்டவள் அவள்.

(குறட்டையையும் தள்ளுவண்டியையும் எடுத்துவிட்டேன். வழுக்கை இருக்கிறது, நீங்கள் பார்க்காமல் இருந்தால் நல்லது.)

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் சிரிக்காத பெண், நான் எழுதிய ஒருவன் சொன்னால் சிரிக்கிறாள். அவன் வாயில் வார்த்தையை வைத்ததே நான்தான். அதே வார்த்தையை, “கொஞ்சம் கெட்டியான மெத்தைதான் சரி” என்பதை, படுக்கப்போகும்போது அவளிடம் நானே சொல்லிப் பார்த்தேன். “ஏன், முதுகு வலிக்குதா?” என்றாள்.

6

ஆகவே கண்ணாடிக்காரர் சதி செய்யத் தொடங்கினார். நான்தான் தூண்டினேன்.

சிவப்பிக்கு ஓய்வு கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வருகிற ஞாயிறு கடைசி ஓட்டம். கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் போயிற்று. இத்தனை வருஷம் பலகைக்கு அடித்த ஹார்னைத் தனக்கு என்று வாங்கிக்கொண்டு வாழ்ந்தாயிற்று. கடைசி நாளிலாவது தனக்கே தனக்கென்று குட்டியாக இரண்டு வேண்டும். பாம், பாம். வேறொன்றும் வேண்டாம். ஆனால் பக்கத்தில் துண்டு சுழன்றால் அது நடக்காது.

சனிக்கிழமை மெத்தைக்கடைக்குப் போனார். ஒரு மெத்தையின் விளிம்பில், அது தன்னை உள்ளே இழுத்துவிடும் என்று பயந்தவர்போல் உட்கார்ந்தார்.

“நாளைக்கு நீங்க கீழ நிக்காதீங்க. நடைமேம்பாலத்துக்குப் போயிடுங்க. மேலருந்து பாத்தா சிவப்பியோட முதுகு தெரியும். அது யாருக்கும் கிடைக்காத காட்சி.”

“நீங்க?”

“நான் எப்பவும் நிக்கிற இடத்துலயே நின்னுக்கறேன்.”

மெத்தைக்காரர் கண் கலங்கிவிட்டார். “கடைசி நாள்ல நல்ல இடத்த எனக்கு விட்டுக்குடுக்கறீங்களே சகல. என் கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கையை உருவிக்கொள்ள முடியாமல் கண்ணாடிக்காரர் வெகுநேரம் அந்த மெத்தையிலேயே உட்கார்ந்திருந்தார். மெத்தை சுகமாகத்தான் இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

[மேம்பாலத்திலிருந்து தெரிவது புகைபோக்கியும் புறா எச்சமும்தான். இது கண்ணாடிக்காரருக்கும் தெரியும்.]

7

ஞாயிற்றுக்கிழமை. இங்கிருந்து கதை மூன்றாகப் பிரிகிறது. மூன்றையும் எழுதினேன்.

முதல் முடிவில் டிரைவர் மேலே பார்க்கிறார், துண்டு சுழல்கிறது, பாம், பாம். கண்ணாடிக்காரர் தோற்றுப்போகிறார். மனைவிக்கு ரொம்பத் திருப்தி. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் டிரைவர் கண்ணாடிக்காரரையே பார்த்து, தொப்பியைக் கழற்றி, பாம், பாம் என்று அடித்து, கையும் அசைக்கிறார். எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. மனைவி படித்துவிட்டு, “இது நீங்களா ஆசைப்பட்டு எழுதினது” என்று தாளைத் திருப்பித் தந்தாள்.

மூன்றாவது இது:

சிவப்பி குலுங்கிக்கொண்டு கிளம்பியது. கண்ணாடிக்காரர் நெற்றியில் விரல் வைத்து நின்றார். பலகை வந்தது. நீளமாக ஒரு ஹார்ன். பிறகு, இரும்புக் கூரையில் இருந்த புறாவெல்லாம் ஒன்றாகக் கிளம்ப, பாம், பாம்.

அவர் முதலில் செய்தது டிரைவரைப் பார்க்காமல் மேம்பாலத்தைப் பார்த்ததுதான். அங்கே யாரும் இல்லை. கைப்பிடிக் கம்பி மட்டும் இருந்தது. அப்படியானால் தனக்குத்தான். டிரைவர் பக்கம் திரும்புவதற்குள் இன்ஜின் தாண்டிப்போய்விட்டது, பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. பார்க்காமல் வாங்கிய ஹார்ன்.

படிக்கட்டில் தடதடவென்று ஓசை. மெத்தைக்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்தார். யாரோ ஓர் அம்மா மேம்பாலப் படியில் பெரிய பெட்டியை ஏற்ற முடியாமல் நின்றாராம்; தூக்கிக்கொடுக்கப் போனவர் ரயிலையே பார்க்கவில்லையாம்.

“ஹார்ன் கேட்டுச்சு சகல! குட்டியா ரெண்டு! நான் அங்க இல்ல, அப்ப உங்களுக்குத்தான்! சந்தேகமே இல்ல, உங்களுக்கேதான்!” என்று கத்தி, துண்டை எடுத்துச் சுழற்றி, கண்ணாடிக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிச் சிரித்தார்கள். மெத்தைக்காரரைப் பார்த்துத்தான்.

கண்ணாடிக்காரர் அணைப்புக்குள் விறைப்பாக நின்றார். தனக்குக் கிடைத்த ஹார்னுக்குத் தன்னால் இவ்வளவு சந்தோஷப்பட முடியவில்லையே என்று இருந்தது. கடைசியில் அதையும் இவரே எடுத்துக்கொண்டுவிட்டார்.

இதைப் படித்த மனைவி தாளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “எவ்ளோ நல்ல மனுஷன்ல?” என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

8

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஒன்று உங்களிடம் இருந்தால் அதுவும் நல்லதுதான். என்னிடம் சொல்லாதீர்கள், நன்றாக இருந்து தொலைத்தால் எனக்குத் தாங்காது. மெத்தைக்காரரை உங்கள் வீட்டுக்கே அழைத்துப்போய்விட்டால் இன்னும் உபகாரம்.

எனக்கு முடிவில் அக்கறை போய்விட்டது. வேறொன்றில் வந்துவிட்டது. கதையில் ஓய்வு பெற்ற சிவப்பு இன்ஜின் நிஜத்தில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓய்வு கொடுத்தது நான். போன ஞாயிறு மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போனேன்.

“எதுக்கு?” என்றாள்.

“விவரம் சரிபாக்க.”

பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்தோம். இரண்டு விரல் வணக்கம் வேண்டாம், அது தோற்றுப்போகிற வணக்கம் என்று எனக்குத் தெரியும். துண்டும் இல்லை. இன்ஜின் குலுங்கிக்கொண்டு வந்தபோது இரண்டு கையையும் தலைக்குமேல் முழுசாகத் தூக்கி ஆட்டினேன். குதித்தேன்கூட. மனைவி பத்தடி தள்ளிப்போய், யாரோ எவரோ என்பதுபோல் நின்றுகொண்டாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். என்னைத்தான் பார்த்தார், பக்கத்தில் வேறு யாரும் இல்லை. உள்ளே திரும்பி உதவியாளரிடம் ஏதோ சொன்னார். அவரும் எட்டிப் பார்த்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீளமாக ஒன்று. பிறகு பாம், பாம். பிறகு, கேட்காமலே, இன்னொரு பாம்.

மூன்று! மெத்தைக்காரருக்கே இரண்டுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். இவளையும் ஒருவழியாகச் சிரிக்கவைத்துவிட்டோம் என்று நான் கையை வீசி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். இரண்டு அக்குளிலும் தையல் விட்டிருந்தது.